மொழிப் பேராசிரியர் படைத்த ஆட்டவுலகம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இயங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனம் 1974 ஆம் ஆண்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் புதுவகை ஆட்டத்தை வெளியிட்டது. மேசையைச் சுற்றி அமர்வோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகி விடுவர்; நடுவர் நிலைமையைக் கூறுவார்; செய்யத் துணிந்ததைச் சொல்லிப் பகடை உருட்டி முடிவு காண்பர். அவ்வாட்டம் இன்று உலகறிந்தது. மறு ஆண்டிலேயே அதே நிறுவனம் வெளியிட்ட 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

அதனை ஆக்கியவர் எம். ஏ. ஆர். பார்க்கர். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உருது கற்பித்த பேராசிரியர். கிளாமத் என்னும் அமெரிக்கப் பழங்குடி மொழிக்கு இலக்கணமும் அகராதியும் வகுத்தவர். இளமை தொட்டுத் தம் உள்ளத்தில் வளர்த்துவந்த டேக்குமெல் என்னும் உலகையே அவர் ஆட்டமாக்கினார். விண்மீன்களற்ற வானின்கீழ்த் தனித்துக் கிடப்பது அவ்வுலகு. அங்கே இரும்பு அரிது. ஆதலின் ச்லென் என்னும் பெருவிலங்கின் தோலைப் பதப்படுத்தி வாளும் கவசமும் செய்வர். ஐரோப்பியக் கோட்டை கொத்தளங்களுக்கு மாறாக, இந்தியா, எகிப்து, பண்டைய நடு அமெரிக்கா ஆகியவற்றின் சாயலே அங்கு மிகுதி.

மொழியறிஞரின் கைவண்ணம் மொழியிலன்றோ தெரியும்! சொல்யானி என்னும் மொழியை எழுத்து, இலக்கணம், சொற்றொகுதியுடன் அவர் படைத்தார். எதிரில் நிற்பவரின் தகுதிக்கேற்ப முன்னிலைச் சொல் அதில் பலவாக விரியும். நீ, நீர், நீங்கள் என்னும் மூன்றிலேயே தடுமாறும் மாணவரைக் கண்ட தமிழாசிரியர்க்கு இது நகை விளைக்கலாம்.

அச்செறிவே ஆட்டத்திற்குத் தடையுமாயிற்று. பெயர்களை ஒலிப்பதே புதியவர்க்குக் கடினம். இதை உணர்ந்தே பார்க்கர், ஆடுவோரை ஜக்கால்லாத் துறைமுகத்தில் படகிலிருந்து இறங்கிய அயல்நாட்டாராகத் தொடங்க வைத்தார். அறியாமையே வேடத்திற்குப் பொருந்திவிட்டது. ஆயினும் விலை குறுக்கே நின்றது. முன்னதன் விலை 10 டாலர். இதன் விலை 25 டாலர். பின்னர் ஆட்டம் பதிப்பகம் விட்டுப் பதிப்பகம் மாறியது. 1983, 1994, 2005 என வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு விதிகளுடன் வெளியிட்டன, எதுவும் வேரூன்றவில்லை. பார்க்கரின் நாவல்கள் 1984 இலும் 1985 இலும் வந்தும் நிலைமை மாறவில்லை.

எஞ்சியிருந்த அன்பர்க்கும் ஓர் இடி காத்திருந்தது. 1991 இல் புனைபெயரில் வெளிவந்த, நாட்சிக் கொள்கையைப் போற்றும் நாவலொன்றை எழுதியவர் பார்க்கரே என்பதை 2022 இல் டேக்குமெல் அறக்கட்டளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதுவரை வாய்திறவாதிருந்தது தவறு என்றும் கூறியது. அவ்வளவு பல்வேறு மக்களின் மொழிகளைக் கற்றவர் அதை எவ்வாறு எழுதினார் என்று வினவ வழியில்லை. பார்க்கர் 2012 இலேயே மறைந்துவிட்டார்.