சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு: ஆடிப் பதினெட்டுப் பயணம்

கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்தை ஒட்டிய சமவெளியில் அமைந்த சேந்தமங்கலம், கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட அம்மலைக்கு ஏறுவோர் கடக்கும் ஊர்களுள் ஒன்றாகும். ஆடிப் பதினெட்டில், அதாவது ஆறுகளில் புதுப்புனல் பெருகுவதைக் கொண்டாடும் நாளில், மலைமேலுள்ள அறப்பளீசுவரர் கோயிலுக்குக் குடும்பத்தோடு செல்வது இப்பகுதியின் வழக்கம். இக்கோயில் தேவார வைப்புத்தலம், அதாவது தனிப்பதிகம் இல்லாமல் பிற பதிகங்களுக்கு இடையே பெயர் சுட்டப்பெற்ற தலம்.

மலைச்சாலை அமையும் முன்னர் அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறியாக வேண்டியிருந்ததால், கைக்குழந்தைகளுடன் செல்வோருக்கு இப்பயணம் எளிதாக இருந்திருக்க முடியாது. வழிநடைக்கெனப் புளிச்சோறு போன்ற கெடாத உணவைத் துணியில் முடிந்து எடுத்துச்செல்லும் கட்டுச்சோற்று வழக்கம் இத்தகைய பயணங்களுக்கே உரியது. பின்னர் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன், அதாவது வந்த திசைக்கே மடங்கித் திரும்பும் வளைவுகளுடன், சாலை அமைந்தபோது பேருந்தும் காரும் அவ்வுழைப்பைக் குறைத்தன. எனினும் தலைசுற்றி வாந்தியெடுக்கும் பிள்ளைகளுக்காகப் புளிப்பு மிட்டாயும் எலுமிச்சம்பழமும் மடியில் இருக்க வேண்டியதாயிற்று.

கோயிலருகே ஓடும் ஐயாற்றில் மீன்களுக்குப் பொரி தூவுவது இவ்வழிபாட்டின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. சிறுவர்களுக்கு இதுவே பயணத்தின் உச்சம் எனலாம். அங்கிருந்து ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். திரும்பி ஏறும்போது குழந்தைகள் பெரியவர்களின் தோளுக்கு மாறிவிடுகின்றனர்.