தோட்டத்து ஷெட்டுக்கு கரன்ட் இழுக்கப் போகிறீர்களா? விதிகள் சொல்வது என்ன?

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். உள்ளே ஒரு பல்பு, ஒரு ஃபேன், எப்போதாவது ஓடும் டிரில்லிங் மெஷின். 'இதுக்கெல்லாம் போய் விதிமுறையா?' என்று ஜன்னல் வழியாக ஒரு வயரை இழுத்துவிடுவது நாடு முழுக்க நடப்பதுதான். ஆனால், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி, 2021-ல் மட்டும் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000-க்கும் அதிகம். நாளொன்றுக்கு 30 பேருக்கும் மேல்.

ஷெட்டுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. மின்சாரச் சட்டம் 2003, மத்திய மின்சார ஆணையம் 2023-ல் வெளியிட்ட பாதுகாப்பு விதிமுறைகள் ஆகிய இரண்டும் வீட்டைப் போலவே ஷெட்டுக்கும் பொருந்தும்.

நாமே வயரிங் செய்துகொள்ளலாமா?

பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது வரை செய்யலாம். புதிதாக லைன் இழுப்பது அதில் வராது. மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில், பெர்மிட் உள்ள வயர்மேன்தான் அதைச் செய்ய வேண்டும். 'தெரிந்த பையன்' போதாது. வேலை முடிந்ததும் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

எம்.சி.பி. இருக்கே, போதாதா?

போதாது. ஈரக் கையோடு பழுதான டிரில்லிங் மெஷினைத் தொடுகிறீர்கள். உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடல் வழியே பாய்வது 230 மில்லியாம்பியர். உயிரைப் பறிக்க இதுவே தாராளம். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி., 16,000 மில்லியாம்பியரைத் தாண்டும் வரை அசையாது. அது காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பி வரும் மின்னோட்டத்துக்கும் வித்தியாசம் வந்தால் சட்டென்று டிரிப் ஆகிவிடும். வீட்டு இணைப்புகளில் இந்த அளவு 30 மில்லியாம்பியரைத் தாண்டக் கூடாது என்பது விதி. மிகச் சிறிய இணைப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும், ஈரமும் மண்தரையும் உள்ள ஷெட்டில் இதைத் தவிர்க்காதீர்கள். ஷார்ட் சர்க்யூட்டை ஆர்.சி.சி.பி. கவனிக்காது என்பதால் எம்.சி.பி.யும் கூடவே வேண்டும்.

கேபிள் எப்படிப் போக வேண்டும்?

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தற்காலிக வேலைக்கு மட்டுமே. வெயிலில் காயும், எலி கடிக்கும், மண்வெட்டி வெட்டும். நிரந்தர இணைப்புக்கு ஆர்மர்டு கேபிளை மண்ணில் பதிப்பது நல்லது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1255 சொல்லும் ஆழம் 75 செ.மீ. கேபிளைச் சுற்றி மணலும், மேலே செங்கல் வரிசையும் இருந்தால், பின்னால் யார் தோண்டினாலும் எச்சரிக்கையாக இருக்கும். ஷெட்டுக்குள் நுழையும் இடத்திலேயே முழு இணைப்பையும் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கட்டும்.

தகர ஷெட்டில் தோல் உரிந்த ஒரு வயர் தகட்டில் பட்டால், ஷெட் முழுவதுமே ஷாக் அடிக்கும். அதனால் தகடு, இரும்புச் சட்டம் எல்லாவற்றுக்கும் எர்த் கொடுக்க வேண்டும். எர்த் சரியாக இருந்தால் கசிவு தொடங்கியதுமே ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகும்; இல்லையென்றால் யாராவது தொட்ட பிறகுதான். எர்த் குழி கட்டடத்திலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 3043. தண்ணீர்க் குழாயை எர்த்தாகப் பயன்படுத்தாதீர்கள்.

தனி மீட்டர் வேண்டுமா?

அதே வளாகம், அதே வீட்டு உபயோகம் என்றால் பொதுவாக வேண்டாம். ஆனால் வெல்டிங் மெஷின், மோட்டார் என்று சேரும்போது அனுமதிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்டினால், அதை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும். 2024 திருத்தத்தின்படி, விண்ணப்பம் முழுமையாக இருந்தால் பெருநகரங்களில் 3 நாள், பிற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாளுக்குள் முடித்துத் தர வேண்டும். மலைக் கிராமங்களுக்கு 30 நாள்.

ஷெட் கடையாகவோ பட்டறையாகவோ மாறினால் கதை வேறு. வீட்டு இணைப்பை வேறு நோக்கத்துக்கோ, அனுமதி இல்லாத வேறு இடத்துக்கோ பயன்படுத்துவது பிரிவு 126-ன்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. பொருந்தும் கட்டணத்தைப்போல் 2 மடங்கு வசூலிப்பார்கள். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதக் கணக்கு போடப்படும்.

ஏற்கெனவே ஷெட்டில் கரன்ட் இருந்தால்?

கரன்ட் இருக்கும்போது ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் மாற்றுங்கள். உங்கள் போர்டில் அப்படி ஒரு பட்டனே இல்லையென்றால், எம்.சி.பி. மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் கூப்பிட வேண்டியது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை.