தேங்கிய மின்சாரமும் எழும்பாத ஃபிளாஷும்

குமுளி மலைச்சாலையின் அடிவாரத்திலுள்ள லோயர் கேம்ப்பில், 1895இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணையின் நீர், தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாகவும் சரிவின் பெருங்குழாய்கள் வழியாகவும் இறங்கி, 1950களின் இறுதி முதல் மின்சாரம் தந்து வருகிறது. ஆற்றலைத் தேக்கி வேண்டும்போது திறந்துவிடும் இம்முறை, கேமராவின் ஃபிளாஷிலும் சிற்றளவில் நிகழ்கிறது.

1887இல் ஜெர்மனியில் அறிமுகமான மெக்னீசியப் பொடி, ஒளியோடு புகையையும் தீக்காயத்தையும் சேர்த்தே தந்தது. 1929இல் அங்கேயே விற்பனைக்கு வந்த ஃபிளாஷ் பல்போ ஒருமுறை எரிந்ததும் குப்பைக்குப் போனது. பழுதுபார்ப்பவருக்கு அதில் வேலையே இல்லை. 1930களில் அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்டு எட்ஜர்ட்டன் செம்மைப்படுத்திய மின்னணு ஃபிளாஷ், செனான் வாயு நிரம்பிய குழாயில் மின்னூட்டத்தைப் பாய்ச்சி மீண்டும் மீண்டும் ஒளிர்ந்ததால், பழுது நீக்கும் தொழிலுக்கு இடம் பிறந்தது. 1975இல் ஜப்பானின் கோனிகா சி35 இஎஃப், மேலெழும் ஃபிளாஷைச் சிறு கேமராவுக்குள்ளேயே பொருத்தியது.

மேலெழாத ஃபிளாஷில் குற்றம் பெரும்பாலும் மின்சுற்றில் இருப்பதில்லை. கொக்கியில் படிந்த தூசி, தளர்ந்த வில்கம்பி, ஃபிளாஷ் எழுந்துவிட்டதை உணர்த்தும் நுண்சுவிட்சில் பிடித்த துரு ஆகியவையே, ஈரக்காற்று வீசும் மலையடிவாரங்களில் குறிப்பாக, காரணமாகின்றன. எனினும் மூடியைத் திறப்பவர் முதலில் மின்தேக்கியை, அதாவது மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் உறுப்பை, மின்தடை வழியே வெறுமையாக்குவார். ஏனெனில் பேட்டரியைக் கழற்றிய பின்னரும் அதில் ஏறத்தாழ 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.