பேச்சு முடிந்த பின்னர்



ஒரு சபையிலே அறிஞர் ஒருவர் சொற்பொழிவாற்றுகின்றார். அவருக்குப் பின்னால் வெண்திரை விரிந்திருக்கின்றது. அதிலே படங்களும் எழுத்துக்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகின்றன. ஒரு மணி நேரம் கழிகின்றது, கரவொலி எழுகின்றது, சபை கலைந்துவிடுகின்றது. பல நாள் முயன்று அவர் தேடித் தொகுத்த செய்திகளெல்லாம் எங்கே போயின? வந்திருந்தோர் நினைவிலே சிறிது தங்கியது. எஞ்சியவை அவருடைய கணினியின் ஒரு மூலையிலே உறங்கிவிட்டன. அன்று அச்சபைக்கு வர இயலாதவருக்கு அவற்றால் யாதொரு பயனுமில்லை.

இந்த விரயத்தைக் கண்ணுற்று, அதற்குப் பரிகாரம் தேடிய மூவரின் வரலாற்றையே இன்று தங்களுக்கு எடுத்துக்கூற விரும்புகின்றேன். அவர்கள் அமைத்த இணையத்தளத்தின் பெயர் ஸ்லைட்ஷேர். படவில்லைகளைப் பகிர்ந்துகொள்ளல் என்பது அப்பெயரின் பொருள்.

படவில்லை என்பது புதிய பொருளன்று. ஒல்லாந்து தேசத்து விஞ்ஞானி கிறிஸ்தியான் ஹைகன்ஸ் என்பவர் 1659ஆம் ஆண்டளவில் மாயவிளக்கு எனப்படும் கருவியைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கின்றார். கண்ணாடித் துண்டிலே தீட்டிய சித்திரத்தை விளக்கொளியினாலும் வில்லையினாலும் சுவரிலே பெரிதாக்கிக் காட்டுவதே அக்கருவியின் தொழில். பிற்காலத்தில் கண்ணாடிக்குப் பதிலாகப் புகைப்படச் சுருள் வந்தது. கொடாக் கம்பனி 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட வட்டத்தட்டு எறிகருவி, கல்விக்கூடங்களிலும் காரியாலயங்களிலும் பெரிதும் பரவியது. ஒளிபுகும் தாளில் எழுதி, மேசையிலிருந்தவாறே திரையில் வீழ்த்தும் கருவியும் பழக்கத்துக்கு வந்தது. இவையெல்லாம் கையிலெடுத்துப் பார்க்கக்கூடிய பொருள்கள். ஒரு பெட்டியிலே அடுக்கி வைத்தால் அடுத்தவருக்கும் கொடுக்கலாம்; ஆனால் ஒரு சமயத்தில் ஒருவருக்கே கொடுக்கலாம்.

கணினி வந்ததும் இந்நிலை மாறியது. கலிபோர்னியாவிலே போர்தோட் என்னும் சிறு கம்பனியில் றொபேட் காஸ்கின்ஸ் என்பவர் 1984ஆம் ஆண்டில் சேர்ந்தார். பேச்சாளர் தம் படவில்லைகளைத் தாமே கணினியிற் செய்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய எண்ணம். டெனிஸ் ஒஸ்ரின், தோமஸ் றட்கின் ஆகியோரின் உழைப்பினால் அவ்வெண்ணம் உருப்பெற்று, 1987 ஏப்ரலில் பவர்பொயின்ட் என்னும் பெயரோடு வெளிவந்தது. முதலில் அது மக்கின்டோஷ் கணினிக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அதே ஆண்டிலேயே மைக்ரோசொப்ட் நிறுவனம் 14 மில்லியன் டொலர் கொடுத்துப் போர்தோட் கம்பனியை வாங்கியது. அதன்பின்னர் பாடசாலை முதற் பாராளுமன்றம் வரை, பேச எழுபவர் எவரும் படவில்லையோடு எழுவது வழமையாயிற்று. கொடாக் கம்பனியின் எறிகருவி 2004ஆம் ஆண்டோடு உற்பத்தி நிறுத்தப்பட்டது.

செய்வது எளிதாயிற்று, பகிர்வதோ எளிதாகவில்லை. படங்கள் நிறைந்த கோப்பு பெரியது. மின்னஞ்சலிலே அனுப்பினால் திரும்பி வந்துவிடும். போய்ச் சேர்ந்தாலும், பெற்றுக்கொண்டவரிடம் அதே மென்பொருள் இருத்தல் வேண்டும். ஒளிப்படங்களைப் பகிர 2004இல் பிளிக்கரும், நிகழ்படங்களைப் பகிர 2005இல் யூடியூபும் தோன்றியிருந்தன. படவில்லைக்கு மட்டும் அத்தகைய இடம் ஒன்றும் இருக்கவில்லை.

இக்குறை கண்ணிற்பட்ட இடம் டில்லி மாநகரம். 2006ஆம் ஆண்டில் அங்கே பார்காம்ப் எனப்படும் ஒரு கூட்டம் நடைபெற்றது. அழைக்கப்பட்ட பேச்சாளர் ஒருபுறமும் கேட்போர் மறுபுறமுமாக நடக்கும் கூட்டமன்று அது. வருவோர் யாவரும் பேசலாம். வருவோர் யாவரும் கேட்கலாம். அன்றைய நிரலை வந்தவர்களே வகுத்துக்கொள்வர். அதற்கென எவரும் எழுதத்தக்க ஒரு பொது இணையப் பக்கம் வைக்கப்பட்டிருந்தது. பேசியவர்கள் தம் படவில்லைகளை அப்பக்கத்திலே சேர்த்துவைக்க முயன்று இடர்ப்பட்டார்கள். பிறருக்கு அது ஒரு சில்லறைத் தொல்லை. அதனை ஒரு தேவையென உணர்ந்தவர்களே நம் கதைக்குரிய மூவர்.

அவர்களுள் ஒருவர் ராஷ்மி சின்ஹா அம்மையார். இந்தியாவிலே அலகாபாத் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்று, அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தில் மூளையும் அறிவும் தொடர்பான உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பின்னர் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில், மக்கள் கணினியிலே தகவலைத் தேடும் முறைபற்றி ஆராய்ந்தார். இயந்திரத்தை மனிதனுக்கேற்ப அமைப்பது எங்ஙனம் என்பதே அவரது ஆராய்ச்சியின் உட்கிடை. இரண்டாமவர் அவருடைய கணவர் ஜொனதன் பூட்டெல், மென்பொருள் வல்லுநர். மூன்றாமவர் அம்மையாரின் சகோதரர் அமித் ரஞ்சன்; டில்லி அலுவலகத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர். ஒரு குடும்பத்தவரான இம்மூவரும் முன்னரே உசான்டோ என்னும் ஆலோசனைக் கம்பனியை நடத்திவந்தனர். பிறருக்குத் தொழில் செய்து கிடைத்த அனுபவம், தமக்கென ஒன்றைச் செய்யும் துணிவைத் தந்தது.

2006 ஒக்டோபர் மாதத்தில் ஸ்லைட்ஷேர் இணையத்தளம் திறக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அலுவலகம், புது டில்லியில் ஓர் அலுவலகம். ஓரிடத்திலே பகலாயிருக்கும்போது மற்றைய இடத்திலே இரவு. வேலையைத் தொடங்கியவர் உறங்கப்போகும் வேளையில், தொடர்பவர் விழித்தெழுவார். இந்தியப் பொறியியலாளர்கள் அந்நிய கம்பனிகளின் கட்டளைக்குப் பணி செய்து கொடுப்போராகவே பெரும்பாலும் அறியப்பட்டிருந்த காலம் அது. அத்தகைய காலத்திலே, உலகெங்கும் பயன்படும் ஒரு பொருளின் பெரும்பகுதியை டில்லியிலிருந்தே அவர்கள் படைத்தளித்தார்கள்.

அது செயற்பட்ட விதம் யாது? ஒருவர் தம் நிகழ்த்துகைக் கோப்பைத் தளத்துக்கு அனுப்புவார். அங்குள்ள கணினிகள் ஒவ்வொரு படவில்லையையும் பிரித்தெடுத்து, எந்த உலாவியிலும் தோன்றும் வடிவமாக மாற்றிவிடும். பார்ப்பவருக்குப் பவர்பொயின்ட் வேண்டுவதில்லை. புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோலப் புரட்டிச் செல்லலாம். வில்லையிலுள்ள எழுத்துக்கள் தனியே எடுக்கப்பட்டுத் தேடுபொறிகளுக்குக் கிட்டும்படி வைக்கப்பட்டன. ஆதலின், பேச்சாளரின் பெயரையே அறியாத ஒருவர், தாம் அறிய விரும்பிய பொருளைத் தேடும்போது அப்பேச்சைக் கண்டடைய முடிந்தது. நேயர்கள் இதனைச் சிறிது சிந்திக்க வேண்டும். அறையின் கதவு அடைபட்ட பின்னரும் அறிவின் கதவு திறந்திருக்க வழி பிறந்தது.

ஆயினும் இங்கே ஒரு பெருங் குறை உண்டு. படவில்லை பேச்சன்று, பேச்சின் எலும்புக்கூடு. பேசுபவரின் விளக்கம் நீங்கினால், அங்கே எஞ்சுவன சில தலைப்புக்களும் சில வரிகளுமே. இதனால் விளையக்கூடிய தீங்கு கற்பனையன்று. 2003 பெப்ரவரி 1ஆந் திகதி கொலம்பியா விண்கலம் சிதறி எழுவர் மாண்டனர். இந்தியாவிற் பிறந்த கல்பனா சாவ்லா அவர்களுள் ஒருவர். விண்கலம் பறந்துகொண்டிருந்தபோதே அதன் இறகிலே நேர்ந்த சேதம் குறித்துப் பொறியியலாளர்கள் ஆராய்ந்து, அதன் முடிவைப் படவில்லைகளிலே தந்திருந்தார்கள். அவற்றுள் ஒன்றிலே முக்கியமான எச்சரிக்கை சிறிய எழுத்தில் அடியிலே மறைந்து கிடந்தது. அதனைப் படித்த மேலதிகாரிக்கு இஃது உயிராபத்து என்று தோன்றாதிருக்கக்கூடும் என, விசாரணைச் சபை அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையிலே சுட்டிக்காட்டியது. அறிக்கை எழுத வேண்டிய இடத்திலே படவில்லை போதாது என்பது அச்சபையின் கருத்து.

ஸ்லைட்ஷேர் நிறுவியோர் இக்குறையை அறியாதவரல்லர். 2007ஆம் ஆண்டிலே அவர்கள் ஒலியையும் படவில்லையையும் இணைக்கும் வசதியைச் செய்தார்கள். பேசியவரின் குரல் ஒலிக்க, அதற்கேற்ப வில்லைகள் மாறிச் செல்லும். எலும்புக்கூட்டுக்கு மீண்டும் உயிரூட்டும் முயற்சி இது எனலாம்.

மற்றொரு மாற்றத்தை மக்களே உண்டாக்கினர். பேசியதன் மிச்சத்தை இட்டுவைக்க வந்தவர்கள், நாளடைவில், தனித்திருந்து படிப்பவருக்கென்றே வில்லைகளை எழுதத் தொடங்கினார்கள். 2009ஆம் ஆண்டில் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தின் தலைவர் றீட் ஹேஸ்ரிங்ஸ், தம் நிறுவனத்தில் ஊழியரை நடத்தும் கொள்கைகளை 120க்கும் மேற்பட்ட வில்லைகளிலே விளக்கி அத்தளத்தில் வெளியிட்டார். அலங்காரமற்ற, எழுத்து நிறைந்த வில்லைகள் அவை. ஆயினும் இலட்சோப இலட்சம் மக்கள் அவற்றைப் படித்தனர். ஒரு காரியாலயத்தின் உள்விவகாரம் உலகத்தாரின் வாதப்பொருளாயிற்று.

புகழ் வரும்போது அதன் நிழலும் உடன்வரும் அன்றோ? ஒவ்வொரு நிகழ்த்துகையையும் எத்தனை பேர் பார்த்தனர் என்னும் எண்ணைத் தளம் காட்டிவந்தது. 2009 ஏப்ரல் 1ஆந் திகதி, முட்டாள்கள் தினத்து வேடிக்கையாக, அவ்வெண்களோடு பூச்சியங்களைச் சேர்த்துவிட்டார்கள். தம் ஆக்கம் திடீரெனப் பெரும்புகழ் பெற்றதென மகிழ்ந்து, அதனை நண்பருக்கெல்லாம் பறைசாற்றியவர் பலர். உண்மை தெரிந்ததும் அவர்கள் நாணினர், சினந்தவரும் உளர். அறிவைப் பகிர வந்த இடத்திலே எண்ணிக்கைமேல் மனிதருக்கு எத்துணை ஆசை என்பதை அந்த விளையாட்டு வெளிப்படுத்தியது.

2012 மே மாதத்தில், தொழில்புரிவோரை இணைக்கும் லிங்க்டின் நிறுவனம், ஸ்லைட்ஷேரை 118.75 மில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அவ்வேளையிலே தளத்தில் 90 இலட்சத்துக்கு மேற்பட்ட நிகழ்த்துகைகள் சேர்ந்திருந்தன. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் பேர் அங்கே வந்துசென்றனர். ஒரு கூட்டத்திலே கண்ட சிறு இடரிலிருந்து ஆறே ஆண்டுகளில் எழுந்த கட்டடம் அது. நிறுவியவர்களுக்கு உழைப்பின் பயன் கிட்டியது. அதிலே குறைகூற எவருக்கும் இடமில்லை.

ஆனால், வரலாறு அத்துடன் முடிந்துவிடவில்லை. 2014ஆம் ஆண்டில், ஒலியையும் வில்லையையும் இணைத்த வசதி நிறுத்தப்பட்டது. குரலோடு வைக்கப்பட்ட பேச்சுக்கள் அத்தளத்தில் மீண்டும் ஊமை வில்லைகளாயின. 2016ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் 26.2 பில்லியன் டொலருக்கு லிங்க்டினை வாங்க, ஸ்லைட்ஷேரும் அதன் கைக்குச் சென்றது. படவில்லையைச் செய்யும் கருவியும், படவில்லையைச் சேர்த்துவைக்கும் களஞ்சியமும் ஒரே உடைமையாளரிடம் சேர்ந்த விந்தை இது. அதுவும் நீடிக்கவில்லை. 2020ஆம் ஆண்டில் களஞ்சியம் ஸ்கிரிப்ட் என்னும் நிறுவனத்துக்குக் கைமாறியது. நிறுவிய மூவரும் அதற்கு முன்னரே வேறு வழிகளிற் சென்றிருந்தனர். அமித் ரஞ்சன், மக்கள் தம் சான்றிதழ்களை இணையத்திலே பாதுகாக்கும் டிஜிலொக்கர் என்னும் இந்திய அரசாங்கத் திட்டத்தை உருவாக்குவதிலே முக்கிய பங்கேற்றார். 2015இல் தொடக்கிவைக்கப்பட்ட அத்திட்டமும் காத்துவைத்தல் என்னும் அதே பணியைச் செய்வது; ஆனால் இங்கே காவலன் கம்பனியன்று, அரசு.

இவ்வரலாறு நமக்குணர்த்துவது யாது? வில்லைகளை இட்டுவைத்த இலட்சக்கணக்கானோர் எந்த விலைபேசலிலும் அமர்ந்திருக்கவில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் மருத்துவர்களும் விலையின்றிக் கொடுத்த அறிவு, உடைமையாளர் மாறுந்தோறும் புதிய வீட்டுக்காரனின் விதிக்கு அமைய வேண்டியதாயிற்று. தந்தவனுக்கு நன்மை இல்லாமற் போயிற்று என்று நான் சொல்லவில்லை. ஒருவர் ஓரூரிலே பேசியதை, அவர் முகமறியாத ஒருவர் வேறொரு கண்டத்திலே கற்றுக்கொண்டார், அந்நன்மை மெய்யானது. ஆயினும் பிறர் பரணிலே வைத்த பொருளைத் தன் வீட்டிலும் ஒரு பிரதி வைத்திருப்பதே விவேகம்.

வானொலியிற் பேசுபவனுக்கும் இக்கதை அந்நியமன்று. எனக்குப் பின்னால் வெண்திரை இல்லை. குரல் ஒன்றே உண்டு. அது காற்றோடு கலந்து போவது. படவில்லை எலும்பை வைத்துக் குரலை இழந்தது. வானொலியோ குரலைத் தந்து எழுத்தை இழக்கின்றது. அதனாலேதான் பேச்சுக்களை அச்சிலே தொகுத்துவைக்கும் வழக்கம் எழுந்தது. தாங்கள் பேசியவற்றை, கேட்டவற்றை, கற்பித்தவற்றைக் காத்துவைக்க நேயர்கள் ஒவ்வொருவரும் ஒரு சிறு இடம் ஒதுக்குவார்களாயின், டில்லியிலே அன்று அம்மூவர் உணர்ந்த தேவையை நாமும் உணர்ந்தவராவோம்.