சேனையும் நுளம்பும் குருதியும்

நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை என்பது நம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் மொழி. பெண் பார்க்கச் செல்பவரும் சொல்வர். பள்ளியில் பின்தங்கிய பையனைக் கைவிட்டுவிட்ட ஆசிரியரும் சொல்வர். சொல்வது எளிது. ஆயின் இம்மொழியின் நிழலிலே இன்னொரு கருத்தும் ஒதுங்கி வாழ்ந்து வந்திருக்கிறது. மேலே இருப்பவன் மேலே இருப்பதும், கீழே கிடப்பவன் கீழே கிடப்பதும் பிறப்பின் செயல், இதில் மனிதர் செய்யத்தக்கது யாதுமில்லை என்பதே அது. நம் ஊர்களில் சாதி பேசுவோர் இதனை விஞ்ஞானத்தின் துணையின்றியே பேசினர். மேனாட்டில் நிறம் பேசியவர்களோ விஞ்ஞானத்தையும் துணைக்கு அழைத்தனர். அப்படி அழைக்கப்பட்ட விஞ்ஞானம் ஈற்றில் யார் பக்கம் சாட்சி சொல்லிற்று என்பதை ஒரு நோயின் வரலாற்றைக் கொண்டு நாம் பார்க்கலாம்.

1904 ஆம் ஆண்டின் கடைசியில் சிக்காகோ நகர மருத்துவமனை ஒன்றிலே, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய கிரெனடாவிலிருந்து பல்மருத்துவம் பயில வந்திருந்த இருபது வயது இளைஞர் ஒருவர் இருமலும் காய்ச்சலுமாக வந்து சேர்ந்தார். பயிற்சி மருத்துவர் அவரது குருதியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, வட்டமாக இருக்கவேண்டிய செங்குழியங்களிற் சில நீண்டு வளைந்து அரிவாள் போலத் தோன்றின. மேற்பார்வை மருத்துவரான ஜேம்ஸ் ஹெரிக் என்பவர் 1910 இல் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். மருத்துவ உலகம் ஹெரிக்கின் பெயரை மனனஞ் செய்தது. நோயாளியின் பெயர் கட்டுரையில் இல்லை. வால்ட்டர் கிளெமென்ற் நோயல் என்ற அந்தப் பெயரைப் பல பத்தாண்டுகளின் பின்னரே வரலாற்றாசிரியர்கள் தேடி எடுத்தனர். அவர் படிப்பை முடித்துக்கொண்டு தம் தீவுக்குத் திரும்பிப் பல்மருத்துவராகத் தொழில் செய்து, 1916 இல், முப்பத்திரண்டாம் வயதில் இறந்தார்.

அரிவாட்கலச் சோகை என்று 1922 இல் பெயர் பெற்ற இந்நோய் அமெரிக்காவிலே கறுப்பு மக்களிடையேதான் காணப்பட்டது. உடனே அது 'நீக்ரோக் குருதியின்' நோய் ஆயிற்று. வெள்ளையர் என்று கருதப்பட்ட ஒருவரிடம் அரிவாட்கலம் தென்பட்டால், நோயைப் பற்றிய தம் கருத்தைத் திருத்திக்கொள்ள மருத்துவர்கள் முன்வரவில்லை. நோயாளியின் பாட்டன், பூட்டன் யார் என்று துருவினர். கலப்புத் திருமணம் வெள்ளையினத்திற்கு இந்நோயைக் கொண்டுவந்துவிடும் என்று எழுதியவர்களும் இருந்தனர். வர்ஜீனியா போன்ற மாநிலங்களிலே அத்தகைய திருமணம் சட்டப்படி குற்றமாயிருந்த காலம் அது. நோய்க்கு மருந்து தேடியவர்களைக் காட்டிலும் அதற்கு நிறந் தேடியவர்கள் சுறுசுறுப்பாயிருந்தனர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1949 ஆம் ஆண்டு இவ்வரலாற்றிலே பெரிய ஆண்டு. அமெரிக்காவில் ஜேம்ஸ் நீல் என்பவரும், ஆபிரிக்காவில் பணியாற்றிய பீற் என்ற மருத்துவரும் தனித்தனியே ஓர் உண்மையை நிறுவினர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இப்பரம்பரை அலகைப் பெற்ற பிள்ளையே நோயாளி. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் அதனைத் தாங்கி நிற்பவரேயன்றி நோயாளி அல்லர். தாங்குவோர் இருவர் மணம் புரிந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதே ஆண்டில் லைனஸ் போலிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும், நோயுற்றவரின் ஹீமோகுளோபின் மின்புலத்திலே வேறு விதமாக அசைவதைக் காட்டி, நோயின் வேர் ஒரு மூலக்கூற்றிலேயே உளதென்றனர். பின்னர், 1956 - 57 இல், கேம்பிரிட்ஜில் வெர்னன் இன்கிராம் அந்த வேற்றுமையைத் தேடிச் சென்று கண்டது வியப்பூட்டுவது. ஏறத்தாழ முந்நூறு அமினோ அமிலங்களிலே ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. ஓர் ஏட்டிலே ஓர் எழுத்துப் பிழை போல.

அப்படியாயின், பிள்ளைகளை வளரமுன்னரே கொன்றுவிடும் பிழையொன்று தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து மறைந்துபோக வேண்டுமல்லவா? டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு அதனைக் களைந்திருக்க வேண்டுமே. ஆனால் கிழக்காபிரிக்காவின் சில குழுவினரிடையே இவ்வலகைத் தாங்குவோர் தொகை நூற்றுக்கு நாற்பது அளவை எட்டியிருந்தது. இது எங்ஙனம்?

விடைக்கு வழி காட்டியவர் ஹால்டேன். அவர் எடுத்துக்கொண்டது இதனோடு உறவுடைய வேறொரு குருதி நோய். மத்தியதரைக் கடலோர மக்களிடையே மிகுதியாகக் காணப்பட்டமையால், கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு தலசீமியா எனப் பெயர் பெற்றது. இவ்வலகை ஒற்றையாகப் பெற்றவர்கள் மலேரியாவைத் தாங்கும் வலிமை கூடியவர்களாயிருக்கலாம், அதனாலேயே அலகு அழியாது நிற்கிறது என்று 1949 இல் அவர் எழுதினார். அதே ஹால்டேன் பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினராகவும் இருந்தார் என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேதான் சோவியத் நாட்டில் லைசெங்கோ என்பவர், பரம்பரை அலகு என்பதே முதலாளித்துவக் கற்பனை, சூழலை மாற்றினால் பரம்பரையும் மாறும் என்று அரசின் ஆணையோடு பிரகடனஞ் செய்திருந்தார். உலகமெங்கும் அலைந்து பயிர் விதைகளைச் சேர்த்த வவிலோவ் அதற்கு முன்பே, 1943 இல், சரத்தோவ் சிறையில் மடிந்துவிட்டார். பிறப்பே எல்லாம் என்றவர்களை எதிர்க்கப் புறப்பட்டவர்கள், பிறப்பு ஒன்றுமே இல்லை என்ற மறுகரையில் போய் விழுந்தனர். முற்போக்காளர் பலர் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் அதற்குக் கைதட்டினர். ஹால்டேன் சில காலம் தடுமாறினார். கட்சியை விட்டு விலகினார். 1957 இல் இந்தியாவுக்கு வந்து அந்நாட்டவராகவே வாழ்ந்து 1964 இல் புவனேசுவரத்தில் இறந்தார்.

ஹால்டேனின் ஊகம் அரிவாட்கலத்துக்கும் பொருந்தும் என்பதைக் காட்டியவர் அந்தனி அலிசன். கெனியாவில் வளர்ந்த வெள்ளையர் இவர். 1949 இல் அந்நாட்டிலே குருதி மாதிரிகள் சேர்த்தபோது, கடற்கரையிலும் விக்டோரியா ஏரியை அண்டிய தாழ்நிலங்களிலும் அரிவாட்கலம் மிகுந்தும், நுளம்பு குறைந்த மேட்டு நிலங்களில் அருகியும் இருத்தலை இவர் கவனித்தார். மொழியாலும் குலத்தாலும் நெருங்கியவர்கள் இதில் வேறுபட்டனர். வேறுபட்ட குலத்தினர், ஒரே விதமான நிலத்தில் வாழ்ந்தமையால், ஒன்றுபட்டனர். பின்னர் கம்பாலாவை அண்டிய 290 பிள்ளைகளைச் சோதித்தார். அரிவாட்கல அலகைத் தாங்கிய 43 பேரில் 12 பேரின் குருதியிலேயே மலேரியாக் கிருமி இருந்தது. ஏனைய 247 பேரில் 113 பேரிடம் இருந்தது. 1954 இல் இவை அச்சேறின. அக்கட்டுரையிலே இன்னொரு பரிசோதனையும் உண்டு. லுவோ இனத்தைச் சேர்ந்த முப்பது வளர்ந்தோருக்கு வேண்டுமென்றே மலேரியா ஏற்றப்பட்டது. அலகைத் தாங்கிய பதினைந்து பேரில் இருவருக்கும், தாங்காத பதினைந்து பேரில் பதினால்வருக்கும் நோய் கண்டது. அவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்று கட்டுரை சொல்கிறது. அவசரகாலச் சட்டத்தின் கீழிருந்த ஒரு குடியேற்ற நாட்டிலே கறுப்பு மனிதன் வெள்ளை மருத்துவனுக்கு 'மாட்டேன்' என்று சொல்வது எவ்வளவு எளிது என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. கண்டுபிடிப்பு உண்மையானது; அதற்கு யாருடைய உடல் கூலியாயிற்று என்பதும் அதன் வரலாற்றில் சேர்ந்ததே.

இரட்டையாக வந்தால் கொல்லும். ஒற்றையாக வந்தால் காக்கும். மலேரியா உள்ள நிலத்திலே அலகு ஒரு கவசம், மலேரியா இல்லாத நிலத்திலே அதே அலகு வெறுஞ் சுமை. எனவே 'நல்ல பரம்பரை', 'கெட்ட பரம்பரை' என்ற பேச்சு, எந்த நிலத்தில், எந்தக் காலத்தில் என்ற கேள்வியின்றிப் பொருளற்றுப் போகிறது.

ஆனால் மலேரியா மட்டும் எங்கிருந்து வந்தது? சூழல் என்ற சொல்லைக் கேட்டதும் மலையும் மழையும் காடுந்தான் நம் கண்முன் வருகின்றன. மனிதன் கை படாத ஏதோ ஒன்று என எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணத்தை அசைத்தவர் பிராங் லிவிங்ஸ்ரன் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1958 இல் மேற்காபிரிக்காவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை நாம் இவ்வரலாற்றின் மகுடம் என்போம். அங்கே மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அடர்ந்த காட்டின் இருளில் முட்டையிடுவதில்லை. வெயில் விழும் தேங்கு நீரே அதற்கு வேண்டும். மழைக்காட்டின் மண்ணோ வெயிலைக் காணாதது. தண்ணீரைத் தேங்கவிடாது உறிஞ்சுவது. இரும்புக் கத்தியும் கோடரியும் கைக்கு வந்தபின், மக்கள் காட்டை வெட்டி எரித்து வள்ளிக்கிழங்கு நட்டனர். நம் நாட்டவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. இது சேனைப் பயிர்ச்செய்கையே. காடு திறந்தது. மண் இறுகிற்று. கால் பட்ட பள்ளங்களிலும் குடிசையோரக் குழிகளிலும் வெயில் நீர் தேங்கிற்று. வேட்டையாடி அலைந்தவர்கள் ஓரிடத்தில் ஊராகத் திரண்டனர். நுளம்புக்கு இரையும் திரண்டது. உழவு பழையதாயுள்ள இடங்களில் அரிவாட்கலம் மிகுந்தும், அண்மையில் வந்த இடங்களில் குறைந்தும் காணப்படுவதை லிவிங்ஸ்ரன் காட்டினார். உழைப்பு நிலத்தை மாற்றிற்று; மாறிய நிலம் நோயை வளர்த்தது; நோய் குருதியை மாற்றிற்று. கூர்ப்பு என்பது குரங்கு மனிதனானதோடு முடிந்துபோன பழங்கதை அன்று. மண்வெட்டி பிடித்த கைகளும் அதனை நடத்தியிருக்கின்றன.

'நீக்ரோக் குருதி' என்ற பேச்சு அதன்பின் நிற்க இடமில்லை. கிரேக்க நாட்டில் கோப்பாயிஸ் என்ற பழைய சதுப்பேரியை அண்டிய கிராமங்களிலே வெள்ளைத் தோலுடையோர் அரிவாட்கலத்தைத் தாங்குகின்றனர். தென்னாபிரிக்காவின் சோசா மக்கள் கறுப்பர். அவர்களிடம் அது அரிது. தமிழகத்தை ஒட்டியும் இதற்குச் சாட்சியுண்டு. நாசிகளின் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதரான ஹெர்மன் லேமனும் அவருடன் சேர்ந்தோரும் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாட்கலத்தைக் கண்டு 1952 இல் வெளியிட்டனர். இனத்தின் பெயரால் துரத்தப்பட்டவர் இனக் கோட்பாட்டின் அடியில் ஒரு கல்லைப் பெயர்த்தது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. பின்னர் இலங்கையின் வேடர்களது குருதியும் சோதிக்கப்பட்டது. அவர்களிடம் காணப்பட்ட ஹீமோகுளோபின் ஈ என்ற வகை தாய்லாந்து, பர்மா முதலிய நாடுகளில் மிகுதியாக உள்ளது. மண்டையோட்டை அளந்து மக்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கியவர்கள் இதனை எந்தப் பெட்டியில் வைப்பர்?

இலங்கையின் கதையை இன்னும் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். 1934 இல் மழை பொய்த்தது. தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் ஓட்டம் நின்று குட்டைகளாயின. நுளம்பு பெருகிற்று. 1935 வரை நீடித்த அக்கொள்ளை நோயில் மாண்டவர் தொகை ஏறத்தாழ 80,000 என்பர். பெரிதும் அழிந்தது மலேரியா நிலையாக உள்ள உலர் வலயம் அன்று. அதனை அதிகம் அறியாத ஈர வலயத்துக் கேகாலை போன்ற பகுதிகளே. உலர் வலயத்தார் தப்பியதற்குப் பரம்பரை அலகே காரணம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடலாகாது. சிறு வயது முதல் திரும்பத் திரும்பக் காய்ச்சலிற் கிடந்து அவர்கள் பெற்ற எதிர்ப்புச் சக்தியே முதற் காரணம். ஈர வலயத்திலோ, உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையிழந்து அரை வயிற்றோடு கிடந்த குடும்பங்களின்மீது நோய் விழுந்தது. நிவாரணத்திற்குச் சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கொயினாவோடு உணவையும் கொண்டு செல்லவேண்டியிருந்தது. அவ்விளைஞர்களிற் பலரே 1935 டிசெம்பரில் சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தவர்கள். பட்டினி எந்தப் பரம்பரை அலகிலும் எழுதப்பட்டதன்று.

1946 இலிருந்து டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டது. 1963 இல் நாடு முழுவதிலும் பதினேழு பேருக்கே மலேரியா கண்டது. வெற்றி என்று கையை மடக்கியபோது அது மீண்டும் எழுந்து, 1969 இல் ஐந்து இலட்சம் பேரைத் தாண்டிப் பற்றியது. இறுதியில், போரின் ஊடாகவும் ஓயாது நடந்த பணியின் பயனாக, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

நுளம்பு கொண்டுவந்த நோய் போய்விட்டது. அந்த நோய்க்கு எதிராகக் குருதி செய்துகொண்ட ஏற்பாடு போகவில்லை. வடமேல், வடமத்திய மாகாணங்களிலே, பழைய மலேரியா நிலத்தின் குளக்கட்டு ஊர்களிலே, தலசீமியா அலகைத் தாங்குவோர் இன்றும் வாழ்கின்றனர். அதனை இரட்டையாகப் பெற்றுப் பிறக்கும் பிள்ளைகளுட் கடும் நோயுடையோர் மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை பிறர் குருதி ஏற்றிக்கொண்டே உயிர் வாழவேண்டும்; அக்குருதியால் உடலிற் சேரும் இரும்பை வெளியேற்ற வேறு மருந்தும் வேண்டும். குருநாகலிலே இதற்கெனவே ஒரு சிகிச்சை நிலையம் இயங்குகிறது.

தாங்குவோரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அறிஞர்கள் சொன்ன விடைகள் எல்லாம் அறிவுடையனவாக இல்லை. மூலக்கூற்றிலே நோயைக் கண்ட அதே லைனஸ் போலிங், அணுகுண்டுச் சோதனையை எதிர்த்துச் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், 1968 இல் எழுதியது இது: அலகைத் தாங்கும் இளைஞர் ஒவ்வொருவரின் நெற்றியிலும் அடையாளம் பச்சை குத்தினால், அத்தகைய இருவர் ஒருவரையொருவர் காதலிக்காது தவிர்க்கலாம். நல்ல மனத்தோடேயே அவர் இதனைச் சொன்னார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் பல கறுப்பு மக்களுக்குக் குருதிச் சோதனையைக் கட்டாயமாக்கின. நோயாளிக்கும் தாங்குபவருக்கும் வேற்றுமை அறியாத தொழில் நிறுவனங்கள் அதைக் காட்டி வேலை மறுத்தன. விமானப் படையின் பயிற்சிக் கல்லூரி 1981 வரை தாங்குவோரைச் சேர்க்கவில்லை. சைப்பிரஸ் தீவிலோ, 1970களிலிருந்து திருமணத்துக்கு முன் இரு சமூகத்தாருக்கும் சோதனையும் ஆலோசனையும் வழங்கி, தலசீமியாவோடு பிறக்கும் பிள்ளைகளின் தொகையை மிகவுங் குறைத்துவிட்டனர். அங்கே எவர் நெற்றியிலும் பச்சை குத்தவில்லை.

2023 நவம்பரில் பிரித்தானியா, அரிவாட்கலச் சோகைக்கும் தலசீமியாவுக்கும், நோயாளியின் எலும்பு மச்சைக் கலங்களிலே பரம்பரை அலகையே திருத்தும் சிகிச்சையை அனுமதித்தது. அடுத்த மாதம் அமெரிக்காவும் அரிவாட்கலத்துக்கு அனுமதித்தது. ஓர் எழுத்துப் பிழை எழுபது ஆண்டுக்குள் மனிதக் கைக்கு எட்டிவிட்டது என்பதில் நாமும் மகிழ்கிறோம். அமெரிக்காவிலே ஒருவருக்கு அதன் விலை 22 இலட்சம் டொலர். இந்நோயோடு பிறப்போரில் மிகப் பெரும்பாலோர் பிறப்பது, சேனை வெட்டி நுளம்போடு போராடிய மக்கள் வாழ்ந்த ஆபிரிக்காவிலும் ஆசியாவிலுமே. குருநாகலில் பிள்ளையோடு வந்திறங்கும் தாய், இன்றைக்குரிய குருதி வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்கிறாள்.