அர்பியேரா

அர்பியேரா என்பது சாக்குத்துணியின் மேல் ஒட்டுத்துணிகளைத் தைத்து உருவாக்கும் சிலி நாட்டுச் சித்திரம். ஜெனரல் பினோசேயின் இராணுவ ஆட்சியில் (1973–1990) நடந்த கொடுமைகளுக்குச் சாட்சியாக நின்றதால் உலகப் புகழ் பெற்றது.

சிலியில் துணியில் கதை சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. இஸ்லா நெக்ரா என்னும் கடற்கரையூரின் பெண்கள் தங்கள் அன்றாட வாழ்வைக் கம்பளி நூலால் பூவேலையாகச் செய்துவந்தனர். நாட்டுப்புறப் பாடகி வியோலெத்தா பார்ரா நோயுற்றுப் படுத்திருந்த நாள்களில் சாக்குத்துணியில் தைக்கத் தொடங்கினார். 1964-இல் அவருடைய படைப்புகள் பாரிசின் லூவ்ர் மாளிகையிலுள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர் எழுந்த எதிர்ப்புக் கலை இந்த மரபில் கிளைத்ததே.

1973 செப்டம்பர் 11-இல் இராணுவம் ஆட்சியைப் பறித்தது. பிடித்துச் செல்லப்பட்ட பலர் வீடு திரும்பவில்லை. சிறைவாசல், மருத்துவமனை, பிணவறை என்று அலைந்த தாய்மாருக்கும் மனைவியருக்கும் பல சமயத்தவர் கூடி அமைத்த அமைதிக் குழு 1974-இல் சாந்தியாகோவில் தையல் பட்டறை தொடங்கியது. பினோசேயின் நெருக்குதலால் அக்குழு 1975 இறுதியில் கலைந்தது. உடனே கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கேஸ் 1976 சனவரியில் 'விக்காரியா' என்ற திருச்சபை அமைப்பை நிறுவினார். பட்டறைகள் அதன் நிழலில் பெருகின.

மாவுச் சாக்கை வெட்டி அடித்துணியாக்குவர். ஓரத்தைக் கம்பளி நூலால் பின்னி முடிப்பர். காணாமல் ஆக்கப்பட்டவரின் சட்டைத் துண்டே சிலவற்றில் மனித உருவமாகும். பெரும்பாலும் மேலே ஆண்டிஸ் மலை, ஒரு சூரியன். பளிச்சென்ற நிறங்களைக் கண்டால் குழந்தைகளுக்கான துணிப்படம் என்று தோன்றும்; உற்றுப் பார்த்தால் வாசலில் காவல் வண்டி, வேலையிழந்தோர் கூடிச் சமைக்கும் பொதுப்பானை, 'எங்கே அவர்கள்?' என்ற பதாகை. சிலவற்றின் பின்புறம் சிறு பை தைத்து, நடந்ததை எழுதிய சீட்டைச் செருகிவைப்பர்.

பெண்களின் பொழுதுபோக்குத் தையல் என்று ஆட்சியாளர் முதலில் பொருட்படுத்தவில்லை. விக்காரியா இவற்றை வெளிநாடுகளில் விற்றுத் தைத்தவர்களுக்குக் கூலி கொடுத்தது. பல குடும்பங்கள் அந்தக் காசில்தான் சாப்பிட்டன. விவரம் தெரிந்தபின் சுங்க அதிகாரிகள் பொதிகளைப் பறித்தனர். ஆட்சிக்கு வாலாட்டிய ஏடுகள் 'அவதூறுத் துணிகள்' என்று தூற்றின. ஓவியக் கல்லூரிப் படிகளை மிதித்திராத இப்பெண்களின் துணிகள், அந்நாளில் அச்சேற முடியாத உண்மைகளைக் கடல் கடத்தின.

சாந்தியாகோவில் 2010-இல் திறந்த நினைவு அருங்காட்சியகத்தில் இவை காக்கப்படுகின்றன. இக்கலை பெரு, வட அயர்லாந்து ஆகிய இடங்களுக்கும் பரவியது. பிரேசிலில் அணைகளால் நிலமும் ஆறும் இழந்த பெண்கள் தங்கள் வழக்கை இம்முறையில் தைக்கின்றனர்.