தன்னையே மாற்றிக்கொள்ளும் நிரல்

டெபியன் லினக்ஸ் ஓடும் கணினியைப் புதிய பதிப்புக்கு ஏற்றும்போது, வேறு எதையும் தொடுவதற்கு முன், மென்பொருள்களை நிறுவித் தரும் பேக்கேஜ் மேலாளர்களான ஆப்ட்டையும் டிபிகேஜியையும் மேம்படுத்திவிடுவேன். எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு உதவியாளராக வருகிற பிள்ளைகள் கேட்பார்கள்: "ஏன் சார், எல்லாத்தையும் ஒரே கமாண்ட்ல ஏத்திடலாமே?" ஏற்றலாம்தான். இன்று பெரும்பாலும் சிக்கல் இல்லாமல் முடிந்தும் விடும். ஆனால் இந்த நிலைக்கு வர எத்தனை பேர் உழைத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

1993 ஆகஸ்டில் டெபியனை அறிவித்தபோது ஐயன் மர்டாக் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர். அன்றைக்கு லினக்ஸில் ஒரு மென்பொருளை நிறுவுவதென்றால், டார் கோப்பைப் பிரித்து வட்டில் கொட்டுவதுதான். எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற கணக்கெல்லாம் நிறுவுகிறவர் தலையில். 1994-ல் மர்டாக் ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக டிபிகேஜியைத் தொடங்கினார். பிறகு அது பெர்லுக்கு மாறியது. அதே ஆண்டில் ஐயன் ஜாக்சன் அதன் முக்கியப் பகுதியை சி மொழியில் திரும்ப எழுதினார். டெபியனில் ஒவ்வொரு பேக்கேஜும் ஒரு டெப் கோப்பாக வரும். அப்படி ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே மூன்றே உருப்படிகள்: '2.0' என்ற ஒற்றை வரியோடு ஒரு சின்னக் கோப்பு, பெயரும் சார்புகளும் அடங்கிய கண்ட்ரோல் பொட்டலம், வட்டில் போய் உட்கார வேண்டிய கோப்புகள் கொண்ட டேட்டா பொட்டலம். முப்பது வருடம் ஆகியும் இந்த அமைப்பு மாறவில்லை.

எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது, டிபிகேஜி தன்னைத்தானே மேம்படுத்திக்கொள்ளும் விதம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் கோப்பையே மாற்ற வேண்டும். புதிய கோப்பைப் பழையதன் மேலேயே எழுதாமல், பக்கத்தில் 'டிபிகேஜி-நியூ' என்ற வாலோடு தனியாக எழுதும். முழுவதும் எழுதி முடித்த பிறகே பழைய பெயரைப் புதியதற்குக் கொடுக்கும். அந்தப் பெயர்மாற்றம் ஒரே எட்டில் நடக்கிற காரியம், பாதியில் நிற்காது. பெயரை இழந்த பழைய டிபிகேஜியோ, யூனிக்ஸ் வழக்கப்படி, தன் வேலை முடியும்வரை வட்டில் உயிரோடு இருக்கும். எந்தப் பேக்கேஜ் எந்த நிலையில் இருக்கிறது என்பது முழுவதும் ஸ்டேட்டஸ் என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் பதிவாகும்: பிரித்தாயிற்று, பாதி அமைத்தாயிற்று, முடிந்தது என்று. தமிழ்நாட்டில் 2012-ல் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் போன காலத்தில் இந்தக் கோப்பின் அருமையைக் கண்ணால் பார்த்தேன். மேம்பாட்டின் நடுவே கணினி அணையும். கரண்ட் வந்ததும் டிபிகேஜியிடம் 'கான்ஃபிகர்' என்று சொன்னால், விட்ட இடத்திலிருந்து தொடரும். தொண்ணூறுகளின் நடுவில் இதை யோசித்து எழுதியவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

ஆனால் எதை முதலில் நிறுவுவது என்ற வரிசை டிபிகேஜிக்குத் தெரியாது. கொடுத்ததை நிறுவும், சார்பு இல்லையென்றால் மறுக்கும், அவ்வளவுதான். 1998 ஜூலையில் ஹாம் என்ற டெபியன் 2.0 வந்தபோது இந்தக் குறை பெரிய ஆபத்தாக நின்றது. கிட்டத்தட்ட எல்லா நிரல்களுக்கும் அடித்தளமான சி நூலகம், லிப்சி5-லிருந்து லிப்சி6-க்கு மாறியது. புதிய பாஷ் ஷெல்லுக்குப் புதிய நூலகங்கள் வேண்டும். அவை வருவதற்கு முன் பாஷை மாற்றிவிட்டால் ஷெல்லே திறக்காது. ஷெல் இல்லாவிட்டால் பேக்கேஜ்களோடு வரும் நிறுவல் ஸ்கிரிப்டுகள் ஓடாது. ஸ்கிரிப்டு ஓடாவிட்டால், சரிசெய்ய வேண்டிய டிபிகேஜியே முடங்கிப் போகும். புதிய டிபிகேஜிக்கும் அதே லிப்சி6 தேவை. அதனால் எதற்குப் பின் எது என்ற வரிசையைத் தன்னார்வலர்கள் ஊரறிய எழுதி வைத்தார்கள். அந்த வரிசைப்படியே அடிப்படைப் பேக்கேஜ்களை மாற்றித் தர 'ஆட்டோஅப்' என்ற ஸ்கிரிப்டும் வந்தது. பேக்கேஜ் மேலாளரைத் தாண்டி, அதற்கும் முன்னால் ஓட ஒரு ஸ்கிரிப்ட் தேவைப்பட்ட காலம் அது.

ஐயன் ஜாக்சன் எழுதிய டிசெலக்ட் என்ற மெனு நிரல் அப்போதே இருந்தது. அக்சஸ், அப்டேட், செலக்ட், இன்ஸ்டால் என்று படிப்படியாக இறங்க வேண்டும். வரிசை தவறிப் பிழை வந்தால் இன்ஸ்டாலை மறுபடி, பிழை தீரும்வரை மறுபடி மறுபடி ஓட்டுவதுதான் அன்றைய வழக்கம். இதற்கு மாற்றாக 'டெய்ட்டி' என்ற பெயரில் தொடங்கிய முயற்சிதான் ஆப்ட் ஆனது. அதன் மையப் பகுதியை எழுதியதில் ஜேசன் கன்தோர்ப்புக்குப் பெரும் பங்கு. 1999 மார்ச்சில் ஸ்லிங்க் என்ற டெபியன் 2.1-ல் ஆப்ட் முதன்முறையாக இடம்பெற்றது. இணையத்திலிருந்து பேக்கேஜை இறக்கித் தந்ததைத்தான் எல்லோரும் பாராட்டுவார்கள். என்னைக் கேட்டால், சார்புகளைப் பார்த்து வரிசையைத் தானே கணக்கிட்டு, டிபிகேஜியிடம் சிறுசிறு கூட்டமாகக் கொடுத்ததுதான் பெரிய காரியம். ஆட்டோஅப் செய்ததை ஒவ்வொரு நாளும், எல்லாப் பேக்கேஜுக்கும் ஆப்ட் செய்யத் தொடங்கியது.

இருந்தாலும் மேலாளரை முதலில் ஏற்றும் வழக்கம் போகவில்லை. பழைய மேலாளருக்குப் பழைய விதிகள்தானே தெரியும்? 2005-ல் சார்ஜ் என்ற டெபியன் பதிப்பு வந்தபோது, முதலில் ஆப்டிடியூட் என்ற மேலாளரை ஏற்றி அதைக் கொண்டே மற்றதைச் செய்யுங்கள் என்று வெளியீட்டுக் குறிப்பு சொன்னது. இன்னும் அண்மைய உதாரணம் உண்டு. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவின் 2021 அக்டோபர் பதிப்பான 21.10, டெப் பொட்டலங்களை இசட்ஸ்டாண்டர்ட் என்ற புதிய சுருக்க முறையில் கட்டத் தொடங்கியது. அன்றைய டெபியனின் டிபிகேஜி அதைத் திறக்கத் தெரியாமல் கைவிட்டது. 2023 தொடக்கத்தில்தான் டெபியனின் டிபிகேஜிக்கு அது கைவந்தது. இந்த மாதிரி நேரத்தில் பேக்கேஜ் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. திறக்கிற கை புதிதாக இருந்தால்தான் உள்ளே இருப்பது கிடைக்கும்.

2025 ஆகஸ்டில் வந்த ட்ரிக்சி என்ற டெபியன் பதிப்பில் ஆப்ட் 3.0 இருக்கிறது. அதன் வெளியீட்டுக் குறிப்பும் மேம்பாட்டை இரண்டு கட்டமாகவே செய்யச் சொல்கிறது: புதிதாகப் பேக்கேஜ் எதையும் சேர்க்காமல் முதலில் ஒரு சிறு மேம்பாடு, பிறகு முழு மேம்பாடு. புதிய ஆப்ட், வரப்போவதைப் பச்சையிலும் போகப்போவதைச் சிவப்பிலும் பத்தி பத்தியாகக் காட்டுகிறது. ஆய்வகத்தில் நான் சிவப்புப் பத்தியைக் கடைசிப் பெயர்வரை படித்துவிட்டுத்தான் என்டரைத் தட்டச் சொல்வேன்.